எங்கள் வீட்டில் ஓடு ஏறிய கோடை

போன மாதம் நாம் கூடியிருந்தபோது நம்மில் ஒருத்தி அலுத்துக்கொண்டாள். மகன் வீட்டு ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போடுகிறானாம். இரண்டு வாரமாக நிம்மதியாக ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியவில்லையாம். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூடமாட்டேன் என்று எனக்கே தெரியும். கூரையே இல்லாத வீட்டில் நான் பதினோரு நாள் இருந்திருக்கிறேன். மகாராஜா ஆண்ட காலம் அது. எனக்கு ஒன்பது வயது. அந்தப் பதினோரு நாளில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் போய்ச் சேர எனக்கு மனமில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து அரை நாழிகை உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊரில் அன்று இரண்டே இரண்டு ஓட்டுக் கட்டிடங்கள். ஒன்று கோயில், இன்னொன்று பெரிய வீடு. மற்றதெல்லாம் ஓலை. எங்களைப் போன்றவர்கள் ஓடு போடக்கூடாது என்று பழைய காலத்தில் ஒரு கட்டு இருந்தது. சர்க்கார் அதை என்றைக்கோ எடுத்துவிட்டது. ஊர் எடுக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, யாரும் ஓடு போடுவதுமில்லை. அவ்வளவுதான்.

தாத்தா பனையேறினவர். அப்பா காளைவண்டிக்கு மாறினார். கொல்லத்து ஓடு வள்ளத்தில் திருவனந்தபுரத்துக் கடவில் வந்து இறங்கும். அதை ஏற்றிக்கொண்டு பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று வழிநெடுக உள்ள பணக்கார வீடுகளில் இறக்குவது அப்பாவின் தொழில். இறக்கிய இடத்தில் உடனே கிளம்பிவிடமாட்டார். ஓடு ஏறுவதை உட்கார்ந்து பார்ப்பார். அப்படிப் பத்து வருஷம் அடுத்தவர் கூரையைப் பார்த்தவர், ஒருநாள் திரும்பி வரும்போது வண்டியில் எட்டு ஓடு கொண்டுவந்து தொழுவத்துக்குப் பின்னால் அடுக்கினார். அடுத்த நடையில் பத்து. மூன்று வருஷத்தில் அந்த அடுக்கு என் தலைக்கு மேல் உயர்ந்தது. ஓலையைப் போட்டு மூடி வைத்திருந்தோம். அதில் ஏறி உட்காரக்கூடாது, அதைப் பற்றிக் கிணற்றடியில் பேசக்கூடாது. இந்த இரண்டு சட்டத்தையும் நானும் அக்காவும் மீறவில்லை.

நாங்கள் செய்ததெல்லாம் ஓட்டைத் தட்டிப் பார்த்ததுதான். அப்பா வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும்போது விரல் முட்டியால் தட்டுவார். நல்ல ஓடு வெண்கலக் கிண்ணம்போல் கணீரென்று கேட்கும். கீறல் விழுந்தது என்றால் சத்தம் செத்துப்போயிருக்கும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத கீறல் என் விரலுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் தெரியும். என் மருமகள் புதுச் சட்டி வாங்கினால் என்னிடம்தான் நீட்டுவாள்.

அந்தச் சித்திரையில் மரமும் தயாரானது. கழுக்கோலுக்கு, அதாவது முகட்டிலிருந்து சுவருக்கு இறங்கும் சாய்வு மரங்களுக்கு, எங்கள் புரையிடத் தோட்டத்தில் நின்ற முற்றின பனைகளை வெட்டினார்கள். உத்திரத்துக்கு அம்பூரியிலிருந்து ஆஞ்சிலித் தடி வந்தது. ஆசாரி பத்து நாள் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அறுத்துச் செதுக்கி வண்டிப்புரையில் அடுக்கிவிட்டுச் சொன்னார், இனி ஓலையை இறக்கலாம் என்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் கூரையைப் பிரித்தார்கள். ஓடு மாற்றுகிறவர்கள் தூசி வரும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். தூசி பெரிய காரியமில்லை. நம் வீட்டுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரியவரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருஷமாக ஒன்றின்மேல் ஒன்றாக மேய்ந்து புகை குடித்த ஓலை கறுத்து, கட்டுக்கட்டாக விழுந்தது. அதனோடு ஒரு முழுப் பாம்புச் சட்டை விழுந்தது. தாத்தா செருகி வைத்து மறந்த பாளை அரிவாள் விழுந்தது. ஒரு எலிக்கூடு உருண்டு வந்து முற்றத்தில் பிரிந்தது. அதற்குள் அக்காவின் சிவப்பு ரிப்பன், என் பல்பத் துண்டுகள் நாலு, அம்மாவின் ஒற்றைத் தோடு.

அம்மா அந்தத் தோட்டை எடுத்து முந்தானையில் துடைத்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. முந்தின வருஷம் அது காணாமல் போனபோது, நெல் குத்த வருகிறவள்தான் எடுத்திருப்பாள் என்று அம்மா வாய்விட்டே சொல்லியிருந்தாள். அதன் பிறகு அவள் எங்கள் படலைத் தாண்டவேயில்லை. அம்மா அப்படியே தூசித் தலையோடு, தோட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. மறுநாள் காலையில் நெல் குத்துகிறவள் தானே வந்து, விழுந்த ஓலையை வாரத் தொடங்கினாள்.

அந்த ஓலை முழுவதையும் தென்னை மூட்டில் உரமாகத் தள்ள வேண்டும் என்று அப்பா சொன்னார். அம்மா பாதியைத் தர மறுத்துவிட்டாள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, தொழுவத்தில் ஏற்றி வைத்தாள். ஓடு போடுகிற வீட்டில் எதற்கு ஓலை என்று அப்பா சிரித்தார்.

வீட்டுக்குள் வெயில் விழுந்தது. அம்மி, ஆட்டுக்கல், கரி படிந்த அடுப்புச் சுவர், எல்லாம் வெளிச்சத்தில் அந்நிய வீட்டுச் சாமான்போல் தெரிந்தன. நாங்கள் காளைகளோடு வண்டிப்புரையில் படுத்தோம். அடுப்பு மட்டும் பழைய இடத்தில்தான். அதில் ஒரு சங்கடம். அக்கானி, அதாவது பதநீர், இறக்குகிற பருவம். சுற்றிலும் நின்ற பனைகளில் மூன்று பனையேறிகள் காலையும் மாலையும் ஏறுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் அடுக்களை அவர்களுக்குத் திறந்த பெட்டி. இன்றைக்குச் சாளை மீனா, மரச்சீனிக் கிழங்கு வெந்துவிட்டது, தீயைக் குறை என்றெல்லாம் மேலேயிருந்து குரல் வரும். அம்மா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு குழம்பு கிண்டுவாள். எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியாது.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் ஆசாரி சுவர்மேல் உத்திரத்தை வைத்து, முகட்டு மரத்தை ஏற்றினார். ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. அப்பா தேடிப் போனார். காய்ச்சல் என்று பாயில் படுத்திருந்தாராம். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. நேரே திரும்பி வந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் உளி வைக்கிறவனுக்குப் பெரிய வீட்டிலும் கோயிலிலும் இனி வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நெய்யாற்றின்கரையில் வேறு ஆசாரி பிடிக்க அப்பா ஓடினார். அங்கேயும் அந்தச் சேதி முன்னாலேயே போயிருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் கிழக்கே மலைப்பக்கம் கறுத்தது. இடவப்பாதிப் பருவமழைக்கு இன்னும் நாள் இருந்தது, இது கோடை மழை. எங்கள் சுவர் மண்சுவர். தலையில் கூரை இருக்கிறவரைக்கும் மண்சுவர் நூறு வருஷம் நிற்கும். தலை நனைந்தால் சர்க்கரைக் கட்டிபோலக் கரைந்து இறங்கிவிடும். அப்பா வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தொழுவத்துக்கு ஓடினாள். பொறுக்கி வைத்திருந்த ஓலையை வாரிக்கொண்டு வந்து, ஏணியில் ஏறி, சுவரின் தலையில் சாய்த்துச் சாய்த்துக் கவிழ்த்தாள். பிறகுதான் அப்பாவுக்கு உயிர் வந்தது. நானும் அக்காவும் கீழேயிருந்து எடுத்துக் கொடுக்க, நாலு சுவருக்கும் தொப்பி போட்டதுபோல் மூடி, கல்லைத் தூக்கி வைத்தோம். மழை ஒரு நாழிகை அடித்து ஊற்றியது. வீட்டுத் தரை குளமாயிற்று. வடக்குச் சுவரில் மட்டும் ஒரு மூலை இளகி, கையளவு மண் சரிந்தது. மற்றதெல்லாம் நின்றது. சொட்டச் சொட்ட நனைந்த அம்மா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றது இப்போதும் எனக்குத் தெரிகிறது.

அன்று சாயந்திரம் அக்கம்பக்கத்தார் வந்து, வீம்பு போதும், நாளைக்கே எல்லாரும் கூடி ஓலை மேய்ந்து தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவர்களுக்குப் பயம். அப்பா முற்றத்தில் மிஞ்சிக் கிடந்த ஓலையைப் பொறுக்கி அடுக்கினார். ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்றே நான் நினைத்தேன்.

மறுநாள் அப்பா வண்டி நடைக்குப் போன பிறகு பெரிய வீட்டுக் காரியஸ்தர் வந்தார். படலுக்கு வெளியே நின்றே பேசினார். மிரட்டவில்லை. தன்மையாகத்தான் சொன்னார்.

"ஓலை எவ்வளவு வேணுமோ பெரிய வீட்டிலிருந்து தருவாவ. மேய ஆளும் விடுவாவ. மழைக்கு முன்ன மேஞ்சுட்டு சொகமா இருங்க. இந்த அழகெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

அம்மா முற்றத்தில் நின்றாள். கையில் மண்கலவை. சரிந்த மூலையைப் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஓலை தாறேன்னு சொன்னதுக்கு சந்தோசம் ஐயா," என்றாள். "எனக்க அம்மைக்க வீடும் ஓலை வீடுதான். அது தீப்பிடிச்சப்ப எனக்கு எட்டு வயசு. தொட்டில்ல கெடந்த தம்பிய எடுக்காம நான் வெளிய ஓடி வந்துட்டேன். இந்த ரெண்டு பிள்ளையளும் ஓலைக்க கீழ ஒறங்கும்போ நான் ஒரு நாளும் ஒறங்கினதில்ல. இது அழகுக்கு இல்லன்னு பெரியவருகிட்ட சொல்லுங்க."

எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அடுப்பை அணைத்த பிறகும் அம்மா ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாம்பலில் ஊற்றுவாள். அதை நாங்கள் அவளுடைய கிறுக்கு என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். ஊரும் அவளை ஓட்டு ஆசை பிடித்தவள் என்றது. அப்பாவின் பெருமைக்காகத்தான் ஓடு சேர்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். எல்லாரும் தப்பாகவே நினைத்திருந்தோம்.

 காரியஸ்தர், ஆசாரி வரமாட்டானே, என்ன செய்வாய் என்று கேட்டார்.

"வராட்டா வேண்டாம். சொவரு நிக்குது. ஓடு கெடக்குது. எங்களுக்குக் கையும் உண்டு," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி பூசத் திரும்பினாள்.

எட்டாம் நாள் காலையில் ஆசாரிச்சி வந்தாள். ஆசாரியின் பெண்சாதி. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள், ஒல்லி, கொஞ்சம் காது மந்தம். அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவாள். புருஷனுடைய முழக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஊர் நடுவழியாக வந்து படலைத் திறந்தாள். அப்பா பதறிப்போய், இது தெரிந்தால் உங்களுக்கும் தொந்தரவு என்றார்.

"வெலக்கு அவருக்காக்கும்," என்றாள் ஆசாரிச்சி. "எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல்ல."

அவள் நேரே வண்டிப்புரைக்குப் போனாள். கழுக்கோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒவ்வொன்றின் தலையிலும் உளியால் சின்னச் சின்ன வெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. சிலவற்றில் வெட்டோடு ஒரு குறுக்குக் கீறல். உளியின் கூர்மையைச் சோதித்த அடையாளம் என்று அப்பா நினைத்திருந்தாராம். குறுக்குக் கீறல் உள்ளது வடக்குப் பக்கத்துக்கு, இல்லாதது தெற்குப் பக்கத்துக்கு, வெட்டு எத்தனையோ அத்தனையாவது இடம் என்று அவள் விளக்கினாள். ஆசாரிக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பனும் நாலு அண்ணன்மாரும் வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்தவள். எல்லாம் தெரியும். ஒரு கூரையிலும் அவளைக் கைவைக்க விட்டதில்லை.

அப்பா அம்மாவைத் தனியே அழைத்து, ஒரு பெண்பிள்ளை சொல்லி நான் எப்படி மரம் ஏற்றுவது என்று முணுமுணுத்தார். அம்மா மரச் சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு நாள் ஆசாரிச்சி முற்றத்தில் நின்றாள். அப்பா மேலே. முழக்கோலை நீட்டி அவள் அளப்பாள், தள்ளு என்பாள், பைய அடி என்பாள், போதும் என்பாள். ஒரு கழுக்கோல் பொருந்தவில்லை. அவளே ஏணியில் ஏறி, உளியை வாங்கி, நாலு தட்டுத் தட்டினாள். பெட்டிக்கு மூடிபோல் உட்கார்ந்தது. இறங்கி வந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் முடியுமுன் கழுக்கோலும், அதன் குறுக்கே ஓடு மாட்டுகிற சட்டங்களும் ஏறிவிட்டன.

பத்தாம் நாள் ஓடு. நான் அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். நல்லது என்றால் அக்காவிடம் போகும், அக்கா அம்மாவிடம், அம்மா நெல் குத்துகிறவளிடம், அவள் ஏணியில் ஏறிக் கூரைமேல் இருக்கும் அப்பாவிடம். நான் வேண்டாம் என்று ஒதுக்கியதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஒன்பது வயதில் அது எவ்வளவு பெரிய கிரீடம் தெரியுமா. ஒரு பக்கம் நாலு வரி போட்டால் மறுபக்கமும் நாலு வரி போட வேண்டும், இல்லாவிட்டால் பாரம் ஒரு பக்கமாய் இழுத்து மரம் சாயும் என்று ஆசாரிச்சி கத்திக்கொண்டேயிருந்தாள்.

வரிசை நேராக இருக்கிறதா என்று கூரைமேல் இருப்பவருக்குத் தெரியாது, கீழே நிற்பவருக்கும் தெரியாது. பனைமேலிருந்து குரல் வந்தது.

"வண்டிக்கார அண்ணா, தெக்க அஞ்சாவது வரி வளையுது. ஒரு விரல் கீழ எறக்கும்."

இறக்கினார். இன்னொரு பனையிலிருந்து, இப்போது சரி என்றது வேறொரு குரல். ஊரில் அவர்களுக்கு மட்டும்தான் எங்கள் கூரை முழுசாகத் தெரிந்தது. கொஞ்சநேரம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு மூன்று பேரில் இருவர் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் கூரைமேல் ஏறிவிட்டார்கள். உயரம் அவர்களுக்கு நடுமுற்றம் மாதிரி. மூன்றாமவர் மேலேயே இருந்து வரி சொன்னார். அவர்கள் ஏறிக்கொண்டிருந்த பனைகளில் பாதி பெரிய வீட்டுக்குச் சொந்தம். அது தெரிந்துதான் இறங்கி வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் படலுக்கு வெளியே நின்ற அக்கம்பக்கத்தாரில் ஒருவர் உள்ளே வந்தார், பிறகு இருவர், பிறகு நான் எண்ணவில்லை. என் கையிலிருந்து கிளம்பிய ஓடு ஏணியைச் சேர எட்டுப் பத்துக் கைகள் மாறியது.

பதினோராம் நாள் சாயந்திரம் முகட்டோடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து முடித்தார்கள். மறுநாள் மழை வந்தது. முதல் துளிகள் விழுந்தபோது சுட்ட ஓட்டிலிருந்து ஒரு மணம் எழுந்தது, புதுப்பானையில் தண்ணீர் ஊற்றும்போது வருமே, அது. பிறகு சத்தம். ஓலையின்மேல் மழை ரகசியம் பேசுவதுபோல் விழும். ஓட்டில் அது செண்டை மேளம். அம்மா என்னவோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. எங்கேயும் ஒழுகவில்லை. அன்றைக்கு நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அம்மா பட்டப்பகலில், சுவரோரமாய்ச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சோறு பொங்கும் நேரம் தாண்டியும் அப்பா அவளை எழுப்ப விடவில்லை.

பெரிய வீட்டுப் பனைகளில் ஏறவேண்டாம் என்று அந்தப் பனையேறிகளுக்கு மறுவாரமே சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் அந்தப் பனைகள் சும்மா நின்றன. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் ஏற வரவில்லை. நாலாம் வாரம் அவர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். அடுத்த கோடையில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் ஓடு ஏறியது. அப்பாவின் வண்டிதான் கொண்டுவந்தது.

அப்பா செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆசாரியோடு அவர் இரண்டு வருஷம் பேசவில்லை. வழியில் கண்டால் காளையின் கொம்பைப் பார்ப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார், கடைசிவரை தானே நின்று வேலை முடிக்கப்போகிற ஆசாரி எதற்காகக் கழுக்கோலில் எண் வெட்டுவான் என்று. தன்னைத் தடுப்பார்கள் என்று அந்த மனிதருக்கு மரம் அறுக்கும்போதே தெரிந்திருக்கிறது. அப்பா கை கழுவிவிட்டு, ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனார்.

இனி வீடு முடிந்த நாளைச் சொல்கிறேன். கூரை ஏற்றி முடித்தால் மூத்த ஆசாரியை மணையில் உட்காரவைத்துப் புதுமுண்டும் மேல்துண்டான நேரியதும் கொடுப்பது முறை. அப்பா பாலராமபுரத்து நெசவில் ஒரு சோடி வாங்கி வைத்திருந்தார். ஆசாரி இல்லாத வீட்டில் அதை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்கு ஒரே குழப்பம். ஆசாரிக்குக் கொடுத்தனுப்பலாமா என்றார். அம்மா கேட்கவில்லை. மணையை வாசலுக்கு நேரே போட்டு, ஆசாரிச்சியின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வெற்றிலையும் முண்டும் நேரியதும் ஒரு குலைப் பழமும் வைத்தாள். வந்திருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆசாரிச்சி நேரியதைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். 

பழக்குலையை நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அவளோடு வீடுவரை போனோம். வயல் வழியாகப் போனால் பக்கம். அவள் பெரிய வீட்டு வாசல் வழியாக நடந்தாள். காரியஸ்தர் அங்கே நின்றிருந்தார். நேரியதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஆசாரி போகாமல் அங்கே யாருடைய வேலை அது என்று கேட்டார்.

ஆசாரிச்சி நின்றாள். காது மந்தம் என்றாலும் அது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"எனக்க வேலையாக்கும்," என்றாள்.

சொல்லிவிட்டு நடந்தாள். நாங்களும் குலையைத் தூக்கிக்கொண்டு நடுவழியிலேயே அவள் பின்னால் நடந்தோம்.